உயிரி எரிபொருள்: தென்னார்க்காட்டு வயலிலிருந்து வாகனம் வரை

உயிரி எரிபொருள் என்பது பயிர், மரம், எண்ணெய் வித்து, சாணம், ஆலைக் கழிவு போன்றவற்றிலிருந்து பெற்று எஞ்சினில் எரிக்கும் திரவம் அல்லது வாயு. பெட்ரோலும் டீசலும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த உயிரினங்களின் எச்சம். உயிரி எரிபொருளோ போன பருவத்தில் வயலில் நின்ற பயிர். எரியும்போது அது வெளிவிடும் கரியமில வாயு, வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான் என்பது அதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் முதல் நியாயம். அந்தப் பயிருக்குப் பாய்ந்த தண்ணீர், அது பிடித்துக்கொண்ட நிலம், அதனால் கை மாறிய தானியம் ஆகியவை இந்த நியாயத்தில் கணக்காவதில்லை. வாதங்கள் எழுவதெல்லாம் அங்கிருந்துதான்.

பழைய தென்னார்க்காட்டின் பகுதியான கடலூர் மாவட்டத்தின் மேற்கில், விருத்தாசலம் – உளுந்தூர்பேட்டை சாலையில் உள்ள மங்கலம்பேட்டையைச் சுற்றிய வட்டாரம் இந்த வரலாற்றைப் படிக்க ஏற்ற இடம். மணிலா எனப்படும் நிலக்கடலை, முந்திரி, கரும்பு, மக்காச்சோளம் என எரிபொருளாகக்கூடிய பயிர்கள் பலவும் இங்கே விளைகின்றன. கிழக்கே சற்றுத் தொலைவில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி இருக்கிறது.

தாவர எண்ணெயை எரிப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. மண்ணெண்ணெய் வருவதற்கு முன் வீட்டிலும் கோயிலிலும் எரிந்தவை இலுப்பெண்ணெய், புங்கெண்ணெய், விளக்கெண்ணெய் விளக்குகளே. இலுப்பைப் பூவில் சர்க்கரை உண்டு என்பதை ‘ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்ற பழமொழி சொல்கிறது. அந்தப் பூவைப் புளிக்கவைத்தால் சாராயம் கிடைக்கும். எண்ணெய், சாராயம் என்னும் இவ்விரண்டும்தான் பிற்காலத்தில் பயோடீசல், எத்தனால் என்ற பெயர்களில் வாகனத்துக்கு வந்தன.

எஞ்சினில் தாவர எண்ணெய் ஓடிய கதை மணிலாவில் தொடங்குகிறது. இந்தப் பக்கத்தில் மல்லாட்டை என்று வழங்கும் நிலக்கடலை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டிலிருந்து புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குப் போனது. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் காட்டிய டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் கடலை ஏராளமாக விளைந்ததால், அங்கேயே கிடைப்பதை வைத்து எஞ்சினை ஓட்ட முடியுமா என்று பார்க்க விரும்பியது பிரெஞ்சு அரசு. ருடால்ஃப் டீசல் 1893 ஆகஸ்ட் 10 அன்று கடலை எண்ணெயில் எஞ்சினை ஓட்டினார், அதனால்தான் அந்த நாள் உலக உயிரி எரிபொருள் நாள் என்று ஆண்டுதோறும் எழுதப்படுகிறது. அது பிழை. அன்று ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய முதல் எஞ்சின் இயங்கியது உண்மை. கடலை எண்ணெய் வந்தது ஏழு ஆண்டுகள் கழித்து.

கடலை எண்ணெயை அப்படியே டீசல் எஞ்சினில் ஊற்றுவதில் பெரிய சிக்கல் அதன் கொழகொழப்பு. டீசலைப்போலப் பத்து மடங்கு தடிப்பான எண்ணெய் தூவல் முனையில் சரியாகச் சிதறாது. அரைகுறையாக எரிந்து கரி படியும். எண்ணெயோடு மெத்தனாலைச் சேர்த்து வினைபுரியவைத்தால் கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும். மேலே நிற்கும் இளகிய திரவமே பயோடீசல். இம்முறைக்கு 1937இல் பெல்ஜியத்தில் காப்புரிமை தரப்பட்டது. வேதியியல் அவ்வளவு எளிது, சந்தைக் கணக்குத்தான் ஒத்துவரவில்லை. விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. என்ற பெயரில் மணிலா ரகங்களை வெளியிட்டுவருகிறது. ஆனால் அந்த மணிலாவை ஆட்டி எடுத்த எண்ணெய் டீசலைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விலை விற்கிறது. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதியாகும்போது அதை எஞ்சினுக்கு ஊற்ற எவரும் முன்வரமாட்டார்கள்.

மாற்று எரிபொருளில் தமிழ்நாட்டு வாகனங்கள் முதன்முதலாகப் பெருமளவில் ஓடியது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனபோது அங்கிருந்து வந்த எண்ணெயும் நின்றது. பெட்ரோல் பங்கீடு இறுகியது. பஸ் முதலாளிகள் வண்டியின் பின்புறம் இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தினார்கள். அதில் மரக்கரியைக் கொட்டி, காற்று குறைவாக விட்டுக் கனியவைத்தால் கார்பன் மோனாக்சைடும் சிறிதளவு ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அதைக் குளிரவைத்து வடிகட்டி எஞ்சினுக்கு அனுப்பினார்கள். மதுரையில் டி. வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் இத்தகைய வாயுக்கலன்களைச் செய்தது. மக்கள் இவ்வண்டிகளைக் கரி பஸ் என்றார்கள். விடியலில் கிளீனர் விசிறிச் சக்கரத்தைச் சுற்றி நெருப்பை மூட்டவேண்டும். வாயு கூடிவரக் கால் மணி நேரமாவது ஆகும். வாயுவில் பாதி எரியாத நைட்ரஜன் என்பதால் எஞ்சினின் வலு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்தது. ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளினார்கள். மூடிய கொட்டகையில் வாயு கசிந்தால் ஆளைக் கொல்லும் அபாயமும் இருந்தது. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் கரிக்கலன்கள் கழற்றப்பட்டன. வேறு வழியில்லாத காலத்து எரிபொருள் அது. ஆனாலும் உள்ளூர் விறகை வைத்தே ஒரு மாகாணத்தின் போக்குவரத்து பல ஆண்டுகள் நடந்தது என்பது குறைத்து மதிப்பிடக்கூடியதன்று.

சாராயத்தின் கதை கரும்பாலையில் இருக்கிறது. கடலூருக்கு அருகே நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1840களிலிருந்து இயங்கிவருகிறது. பின்னாளில் சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வந்தது. சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரிய கழிவுப்பாகு, புளித்தால் எத்தனாலாகும். ஒரு டன் கழிவுப்பாகிலிருந்து சுமார் 220 லிட்டர் கிடைக்கும். இதைப் பெட்ரோலில் கலக்க இந்தியா 1948லேயே எரிசாராயச் சட்டம் இயற்றியது. மலிவான அரபு எண்ணெய் வந்த பிறகு அதை யாரும் பொருட்படுத்தவில்லை. 2000இல் அது நீக்கப்பட்டது. இதே காலத்தில் பிரேசில் வேறு பாதையில் போனது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின், 1975இல் கரும்புச் சாராயத் திட்டத்தைத் தொடங்கி, 2003இல் பெட்ரோல், எத்தனால் இரண்டையும் எந்த விகிதத்திலும் ஏற்கும் கார்களை விற்கத் தொடங்கியது. அங்கே மழை உண்டு, நிலம் உண்டு. பிரேசிலை முன்மாதிரியாகக் காட்டுபவர்கள் இதைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இந்தியாவில் 2003 ஜனவரியில் தமிழ்நாடு உட்பட ஒன்பது மாநிலங்களில் 5 சதவீத எத்தனால் கலப்பு கட்டாயமானது. அடுத்த ஆண்டே வறட்சியில் கரும்பு பொய்த்தது; கட்டாயம் தளர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் இன்னொரு தடையும் இருந்தது. கழிவுப்பாகும் சாராயமும் மதுவிலக்குச் சட்டக் கட்டுப்பாட்டில் இருந்ததால், ஆலையில் வடிந்த சாராயம் மதுபானத்துக்கும் தொழிற்சாலைகளுக்குமே பெரும்பாலும் போனது.

எத்தனால் தடுமாறிய அந்தப் பத்தாண்டில்தான் காட்டாமணக்கு அலை அடித்தது. வேலியோரச் செடி, ஆடு மாடு கடிக்காது, வித்தில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், வறண்ட நிலத்திலும் வளரும் என்றார்கள். திட்டக் குழு 2003இல் அளித்த அறிக்கை ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நடச்சொன்னது. 2006 ஜனவரி முதல் பயோடீசலை லிட்டர் 25 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள எண்ணெய் நிறுவனங்கள் பணிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் கன்று விற்றவர்களும் ஒப்பந்தம் எழுதியவர்களும் ஊர் ஊராகப் போனார்கள். வறட்சியில் செடி சாகவில்லை, காய்க்கவும் இல்லை. காய்க்கவேண்டுமானால் தண்ணீரும் உரமும் வேண்டும், அவை இருக்கும் நிலத்தில் மணிலாவே போடலாம். காய் ஒரே சமயத்தில் முற்றாததால் பறிப்புக் கூலி ஏறியது. 25 ரூபாய் உற்பத்திச் செலவுக்கே கட்டவில்லை. கோயம்புத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்து 2010இல் வெளியான கள ஆய்வு, விளைச்சல் சொன்னதைவிட மிகக் குறைவு என்றும், உணவுப் பயிர் போட்ட நிலத்திலும் இது புகுந்தது என்றும் காட்டியது. தரிசு என்று கோப்பில் எழுதப்பட்ட நிலம் பல ஊர்களில் மேய்ச்சலுக்கும் விறகுக்கும் உதவிய நிலம். காட்டாமணக்கு வித்தைத் தின்ற பள்ளிக் குழந்தைகள் வாந்தியோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது தனிக் கதை. 1996இல் மூலிகையிலிருந்து பெட்ரோல் என்று ராஜபாளையம் பக்கம் கிளம்பிய பரபரப்புக்கும் காட்டாமணக்கு அலைக்கும் வேறுபாடு உண்டு: மூலிகைப் பெட்ரோல் சோதனைக்கூடத்தில் நிற்கவில்லை, காட்டாமணக்கு அங்கே தேறி வயலில் தோற்றது.

2018இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை ஆட்டத்தை மாற்றியது. சர்க்கரையை முழுதும் பிரிக்காத பாகு, கரும்புச் சாறு, உடைந்த அரிசி, மக்காச்சோளம் ஆகியவற்றிலிருந்தும் எத்தனால் எடுக்க வழி திறந்தது. 2013-14இல் 1.5 சதவீதமாக இருந்த கலப்பு 2022 ஜூனில் 10 சதவீதத்தையும் 2025இல் 20 சதவீதத்தையும் எட்டியது. தமிழ்நாடு அரசு 2023இல் தனக்கென எத்தனால் கலப்புக் கொள்கையை வெளியிட்டது. தேவைக்கான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாட்டில் அந்நியச் செலாவணி மிச்சமாவது சிறிய நன்மையன்று. எத்தனாலின் ஆக்டேன் எண் அதிகம். புகையில் கார்பன் மோனாக்சைடு குறைகிறது. ஆயுள் முழுவதும் கணக்கிட்டால் பெட்ரோலைவிடக் கரும்பு எத்தனால் 65 சதவீதமும் மக்காச்சோள எத்தனால் 50 சதவீதமும் குறைவாகப் பசுங்குடில் வாயுக்களை வெளியிடுகிறது என்று நிதி ஆயோக் குறிப்பிட்டது.

வண்டி வைத்திருப்பவரின் கணக்கு வேறு. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதக் கலப்பால் பழைய கார்களில் மைலேஜ் 6–7 சதவீதமும் இருசக்கர வண்டிகளில் 3–4 சதவீதமும் குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. விலை அதற்கேற்பக் குறையவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். தொட்டியில் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகிப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து அடியில் தங்கும். மழைக்காலத்தில் ‘பெட்ரோலில் தண்ணீர்’ என்று பங்க்கில் நடக்கும் சண்டைகள் சிலவற்றுக்கு இதுவே காரணம். பழைய ரப்பர் குழாய்களும் சீல்களும் இதில் கெடும். கலக்காத பெட்ரோலையும் விற்கவேண்டும் என்று கோரிய மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது.

வயலின் கணக்கில் முதலில் வருவது தண்ணீர். கரும்பு பத்து முதல் பன்னிரண்டு மாதம் வயலில் நிற்கும் பயிர். சர்க்கரைக்குச் செலவாகும் நீரை வைத்துப் பார்த்தால் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு ஏறத்தாழ 2,860 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்பது அதே நிதி ஆயோக் அறிக்கையின் மதிப்பீடு. ஆழ்துளைக் கிணற்றை நம்பிய மேற்குக் கடலூருக்கு இது பொருட்படுத்தவேண்டிய எண். 2011-12இல் 23 லட்சம் டன்னைத் தாண்டிய தமிழ்நாட்டுச் சர்க்கரை உற்பத்தி, வறட்சிகளுக்குப் பின் 2017-18இல் சுமார் 7 லட்சம் டன்னாகச் சரிந்தது. ஆலைகள் நிலுவை வைத்ததும் கரும்பிலிருந்து விவசாயிகள் விலகியதற்கு ஒரு காரணம். எத்தனால் வருமானம் வந்தால் நிலுவை தீரும் என்பது கொள்கை வகுத்தவர்களின் வாதம். வட மாநிலங்களில் அது ஓரளவு பலித்தது.

மானாவாரி மக்காச்சோளம் தண்ணீர் அதிகம் கேட்பதில்லை. வேப்பூர், திட்டக்குடி பக்கமும் அண்டை மாவட்டமான பெரம்பலூரிலும் பரவிய இந்தப் பயிர் முன்பெல்லாம் நாமக்கல் கோழித்தீவனத்துக்குப் போனது. 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்கக் கட்டுப்பாடு வந்தபோது வடிப்பாலைகள் மக்காச்சோளத்துக்குத் தாவின. விலை ஏறியது விவசாயிக்கு நல்லது, கோழிப்பண்ணைக்குச் சுமை. மக்காச்சோளம் ஏற்றுமதி செய்த நாடு 2024இல் இறக்குமதி செய்யவேண்டியதாயிற்று. இந்திய உணவுக் கழகம் 2025இல் கிலோ 22 ரூபாய் 50 காசுக்கு வடிப்பாலைகளுக்கு அரிசி கொடுத்தது. ரேஷன் அரிசியை நம்பி அடுப்பு எரியும் மாநிலத்தில் இது உறுத்தாமல் இருக்காது.

வடிப்பாலைக் கழிவும் சிறிய பிரச்சினையன்று. கழிவுப்பாகிலிருந்து ஒரு லிட்டர் சாராயம் எடுத்தால் பத்து லிட்டருக்கு மேல் கரிய கழிவுநீர் வரும். சுத்திகரிக்காமல் விட்டால் கிணறும் ஓடையும் நிறம் மாறும். அதே கழிவுநீரையும் ஆலையின் சேற்றுச் சக்கையையும் மூடிய கலத்தில் நொதிக்கவைத்தால் மீத்தேன் கிடைக்கும். அதைச் சுத்தப்படுத்தி அழுத்தினால் வாகன வாயு. 2018 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் ‘சதத்’ திட்டம் இதற்கானது. உணவோடும் பாசனத்தோடும் போட்டியிடாததால் உயிரி எரிபொருள்களில் குறை குறைந்தது இவ்வகைதான். வளர்ச்சியோ மெதுவாக இருக்கிறது.

பிற மாற்றுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். எல்.பி.ஜி. ஆட்டோக்கள் நகரங்களில் பழகிவிட்டன, சி.என்.ஜி. பஸ்களை அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 2024இல் சோதித்தன. இரண்டும் புகை குறைந்தவை, இரண்டுமே பூமிக்கடியிலிருந்து வருபவை. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை வாயுவாக்கி மெத்தனால் எடுக்கும் திட்டமும் அந்த வகை. மின்சார பஸ்கள் 2025 ஜூனில் சென்னையில் ஓடத் தொடங்கின. ஓசூர், கிருஷ்ணகிரி ஆலைகளிலிருந்து வரும் மின்ஸ்கூட்டர்கள் சிற்றூர் வரை வந்துவிட்டன.

இந்த வட்டாரப் பயிர்களில் முந்திரியின் இடம் இன்னும் முடிவாகவில்லை. பண்ருட்டி வட்டாரத் தொழிற்கூடங்களில் கொட்டையின் ஓட்டிலிருந்து பிழியும் எண்ணெய் கொதிகலன்களிலும் உலைகளிலும் எரிகிறது. பிழிந்த ஓடும் எரிபொருளே. இந்த எண்ணெயைக் கப்பல் எரிபொருளில் கலந்தபோது எரிபொருள் தூவிகள் கெட்டதாக 2024இல் எச்சரிக்கைகள் வந்தன. அமிலமும் பிசுபிசுப்பும் மிகுந்த அது, பதப்படுத்தாமல் எஞ்சினுக்கு ஏற்றதன்று. முந்திரிப் பழத்தின் சர்க்கரை நன்றாகப் புளிக்கும். ஆனால் பறித்த மறுநாளே அழுகிவிடும் பழத்தைத் தோப்பு தோப்பாகச் சேர்த்து வடிப்பாலைக்குக் கொண்டுபோகும் செலவு அதன் மதிப்பை மிஞ்சுகிறது. அதனால் சித்திரை, வைகாசியில் கொட்டையைத் திருகி எடுத்தபின் பழத்தில் பெரும்பங்கு மரத்தடியிலேயே கிடக்கிறது.