குசினி: ஒரு சொல் வந்த வழி

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் முதியோர் சிலர் சமையலறையைக் ‘குசினி’ என்று கூற நாம் கேட்டிருக்கிறோம். புதுச்சேரி அண்மையிலிருப்பதால், ‘குய்சீன்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லின் திரிபே இது என நெடுநாள் எண்ணியிருந்தோம்.

சமைத்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது ‘கொக்குவீனா’. அதுவே பிரெஞ்சில் ‘குய்சீன்’ எனவும், போர்த்துக்கீசியத்தில் ‘குசீஞா’ எனவும், ஆங்கிலத்தில் ‘கிச்சன்’ எனவும் திரிந்தது.

ஆயினும், பிரெஞ்சுக்காரர் ஒருபோதும் ஆளாத யாழ்ப்பாணத்திலும் குசினி என்றே வழங்குகின்றனர். அங்கே 1619 முதல் 1658 வரை ஆண்டவர்கள் போர்த்துக்கீசியர். பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் நிலைகொண்டதோ 1674இல். மேசை, சன்னல், சாவி, அலமாரி ஆகியனவும் போர்த்துக்கீசியர் வழி வந்தனவே. ஆகவே குசினியும் முதலில் அவர்கள் வாயிலாக வந்து, புதுச்சேரியைச் சூழ்ந்த ஊர்களில் பிரெஞ்சு வழக்கால் உறுதிபெற்றது எனக் கொள்வதே பொருத்தமாகும்.

ஒலி ஒப்புமையும் அண்மையும் மட்டும் சான்றாகா. சொல் வழங்கும் இடங்களனைத்தையும் நோக்கவேண்டும். ‘எக்ளேசியா’ என்பதைப் பகுதி பிரித்து, ‘வெளியே அழைக்கப்பட்டோர்’ எனப் பிரசங்கிக்கிறோம். கிரேக்கர் வழக்கிலோ அது கூடிய அவையையே குறித்தது. சமையலறைச் சொல்லுக்கே இத்துணை ஆய்வு தேவையெனில், திருமறைச் சொல்லுக்கு எத்துணை வேண்டும்!