செய்தித்தாளின் படக்கட்டம் பாடநூலான வரலாறு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து நாளிதழான ‘டல்லஸ் மார்னிங் நியூஸ்’, 1926 அக்டோபரில் ‘டெக்சஸ் ஹிஸ்டரி மூவீஸ்’ என்னும் படத்தொடரைத் தொடங்கியது. மாநில வரலாற்றைப் பள்ளிச் சிறாரும் அவர்தம் வீட்டாரும் சிறிது சிறிதாகப் படித்தறியச் செய்வதே அதன் நோக்கம். ஜான் ரோசன்ஃபீல்டு எழுதினார். ஜாக் பேட்டன் வரைந்தார். பேசாப்படங்கள் மக்களை ஈர்த்திருந்த காலம் அது. தொடரின் பெயரிலேயே அவ்வீர்ப்பு தெரிகிறது. ஐரோப்பியர் வருகையில் தொடங்கி, மெக்சிகோவிடமிருந்து டெக்சஸ் பிரிந்தது, உள்நாட்டுப் போர் எனக் காலவரிசையில் அது நகர்ந்தது.

தொடரின் வடிவமைப்பு ஆய்வுக்குரியது. ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் நிகழ்வைக் கூறும் உரைநடைக் குறிப்பு இருந்தது. அது பாடநூலின் குரல். கட்டத்துக்குள் இருந்த பேச்சுக்குமிழ்களிலோ 1920களின் கொச்சைமொழியும் நையாண்டியும் நிறைந்திருந்தன. பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானியரும் டல்லஸ் நகரத் தெருவாசிபோலப் பேசினர். சிறுவர்களைக் கவர்ந்தது இந்தக் குமிழ்தான்.

செய்தித்தாளின் ஆயுள் ஒரு நாள். இத்தொடரை நிலைபெறச் செய்தது எண்ணெய் நிறுவனமொன்றின் பணம். 1928இல் நூல்வடிவம் பெற்றபின், டல்லஸைத் தலைமையிடமாகக் கொண்ட மக்னோலியா பெட்ரோலியம் நிறுவனத்தின் ஆதரவில் சிறு கையேடாக அச்சிடப்பட்டுப் பள்ளி மாணவர்க்கு இலவசமாக வழங்கப்பட்டது. இவ்வழக்கம் பல பத்தாண்டுகள் நீடித்தது. பல தலைமுறையினர் தம் மாநில வரலாற்றை முதலில் அறிந்தது இக்கையேட்டின் வழியாகவே.

அவ்வாறு அறிந்தவர்கள் எத்தகைய மாந்தரைக் கண்டனர்? ஆங்கிலோ குடியேறிகள் துணிவும் நகைச்சுவையும் மிக்கவர்கள். மெக்சிகோவினர் ஏளனத்துக்குரியவர்கள், தொல்குடியினர் காட்டுமிராண்டிகள், கறுப்பினத்தவர் கேலிக்கூத்தின் வார்ப்புருக்கள். அடிக்குறிப்பை மட்டும் படிப்பவருக்கு இவ்விழிவு முழுமையாகப் புலப்படாது. அது பெரிதும் கோடுகளிலும் குமிழ்களிலும் குடியிருந்தது. மெக்சிகோ வம்சாவளிக் குழந்தைகள் பயின்ற வகுப்பறைகளிலும் இதே கையேடு வழங்கப்பட்டது. தம் முன்னோரைப் பார்த்துச் சக மாணவர் சிரிக்கும் வரலாற்றை அவர்களும் கற்க வேண்டியிருந்தது.

1961இல் பதிப்புரிமை டெக்சஸ் மாநில வரலாற்றுக் கழகத்திடம் ஒப்படைக்கப்பட்டது. புண்படுத்தும் பகுதிகளை நீக்கிய பதிப்புகள் பின்னர் வந்தன. ஆயினும், மனிதரைப் பார்க்கும் பார்வையே கோட்டில் பதிந்திருக்கையில், சில சொற்களை அகற்றுவதால் மட்டும் அது மாறிவிடாது. இதை உணர்ந்தவர் ஜாக் ஜாக்சன். அவர் ‘லாஸ் தெஹானோஸ்’, ‘கமான்சி மூன்’ ஆகிய படநூல்களில் மெக்சிகோ வம்சாவளியினரையும் கமான்சி மக்களையும் கதையின் மையத்தில் நிறுத்தியவர். அவர் புதிதாக எழுதி வரைந்த ‘நியூ டெக்சஸ் ஹிஸ்டரி மூவீஸ்’, அவரது மறைவுக்குப்பின் 2007இல் வெளிவந்தது.

பாடநூல் அரசியலை ஆராய்வோர் பெரும்பாலும் அரசு ஏற்பளித்த நூல்களையே எடுத்துக்கொள்கின்றனர். நாளிதழின் சிறுவர் பகுதி, நிறுவனங்கள் வழங்கும் இலவசக் கையேடு, வீட்டில் அனைவரும் பார்க்கும் படத்தொடர் ஆகியவை அந்த வரம்புக்கு வெளியே நின்றுவிடுகின்றன. தேர்வுக்காகப் படித்த பாடம் மறந்துபோகலாம். சிரித்துக்கொண்டே பார்த்த படம் நெடுநாள் நினைவில் தங்கும். இந்திய மொழிகளின் சிறுவர் பக்கங்களை ஆராய முற்படும் மாணவர்கள், அடிக்குறிப்போடு குமிழையும் கோட்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.