படகேறும் முன்: பிரேசில் பழங்குடியினரிடம் செல்லும் மறைபணியாளர்கள்

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் மாதம் மறைபரப்பு ஞாயிறன்று நாம் காணிக்கை அளிக்கிறோம், செபிக்கிறோம். ஆனால் தொலைதூர ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பழங்குடி மக்களோடு வாழச் செல்கிறவர் தம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்துகிறார் என்று அதிகம் சிந்திப்பதில்லை. எதைக் கொண்டுபோவது என்பதைவிட, எதைக் கொண்டுபோகக் கூடாது என்பதே அங்கு முதல் கேள்வி.

முதலாவது, நோய். 1960களின் இறுதியில் பிரேசில், வெனிசுவேலா எல்லைக் காடுகளில் வாழும் யானோமாமி மக்களிடையே, மறைபணியாளர் குடும்பத்துக் குழந்தை வழியாகத் தட்டம்மை நுழைந்தது. அந்நோயை எதிர்க்கும் ஆற்றல் அம்மக்களின் உடலில் இல்லாததால் பலர் மாண்டனர். நற்செய்தியோடு சென்ற படகிலேயே சாவும் சென்றது! ஆகவே தட்டம்மை, சளிக்காய்ச்சல் தடுப்பூசிகள் நம்மைக் காக்க மட்டுமல்ல. மஞ்சள் காய்ச்சலுக்கான ஊசியைக் குறைந்தது 10 நாள்களுக்கு முன்பே போட வேண்டும். இருமல் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

பழங்குடியினர் நிலத்திற்குள் நுழைய ஃபுனாய் என்னும் அரசு நிறுவனத்தின் அனுமதியும் தேவை. வெளியுலகத் தொடர்பின்றி ஒதுங்கி வாழும் மக்களை வலியத் தேடிச் செல்லக் கூடாது என்பது 1987 முதல் பிரேசில் அரசின் கொள்கை. இது மறைபரப்புக்குத் தடை என்று குறைகூறுவோர் உண்டு. மேற்சொன்ன தட்டம்மையை நினைத்தால், நியாயமான வேலி என்றே நமக்குத் தோன்றுகிறது.

பிறகு மொழி. முதலில் போர்த்துக்கீசியம், அதன்பின் அந்தந்த மக்களின் மொழி. இரண்டாவதை ஊரில் வாழ்ந்துதான் கற்க முடியும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, இயேசுவின் சிறிய சகோதரிகள் சபையினர். புனித சார்லஸ் தெ ஃபுக்கோவின் ஆன்மீகத்தைப் பின்பற்றும் இச்சகோதரிகள், 1952ஆம் ஆண்டு மாத்தோ குரோசோ மாநிலத்தில் தாப்பிராப்பே மக்களிடம் சென்றனர். நோயாலும் அண்டை இனத்தாரின் தாக்குதலாலும் அழிந்து, அப்போது அம்மக்களில் ஏறத்தாழ 50 பேரே எஞ்சியிருந்தனர். சகோதரிகள் அவர்களைப் போன்றே குடிசையில் தங்கினர், மரவள்ளி நட்டனர், நோயாளிகளைப் பேணினர். (நம் ஊர் மரவள்ளியும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. அங்குள்ள கசப்பு வகையை நச்சு நீங்கப் பிழிந்தெடுத்தால்தான் உண்ண முடியும். அதையும் அவ்வூர்ப் பெண்களிடமே கற்க வேண்டும்.) யாரையும் மதம் மாற்ற அவர்கள் முனையவில்லை. இன்று தாப்பிராப்பே மக்கள் பல நூறு பேர். 1952இல் சென்றவர்களுள் ஒருவரான சகோதரி ஜெனோவேவா 2013 செப்டம்பரில் அவர்களிடையே இறந்தார். தங்கள் மரபுப்படியே அவரை அம்மக்கள் அடக்கம் செய்தனர்.

திருமுழுக்குக் கொடுக்காமல் இது என்ன மறைபணி என்று நம்மில் சிலர் கேட்கலாம். கேள்வி தவறானதல்ல. 2020 பிப்ரவரியில் வெளியான ‘அன்புக்குரிய அமேசான்’ என்னும் அறிவுரை மடலில் திருத்தந்தை பிரான்சிஸ், அம்மக்களின் பண்பாட்டை மதிக்கச் சொல்வதோடு, கிறிஸ்துவைப் பற்றிக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்றும் வலியுறுத்துகிறார். இவ்விரண்டில் எதை எப்போது முன்வைப்பது என்பதை எந்தப் பயிற்சி மையமும் முன்கூட்டியே சொல்லித்தர முடியாது. முதல் சில ஆண்டுகளுக்கு, மொழி போதாமையே புதியவரைக் கேட்பவராக இருக்க வைக்கும். மீன்பிடிக்கவும் படகு செலுத்தவும் அவ்வூர்ச் சிறுவர்களே அவருக்கு ஆசிரியர்கள்.