பள்ளி வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் குறைந்தால் என்ன ஆகும்? தங்கவயல் பெற்றோர் அறிய வேண்டியவை

கோலார் தங்கவயல்: விடியலுக்கு முன்பே பெங்களூரு ரயிலைப் பிடிக்கும் பெற்றோர், இரவு வீடு திரும்பும் வரை பிள்ளை பள்ளிக்குச் சென்றதா இல்லையா என்பதை அறிய வழியில்லாத நிலை தங்கவயலின் பல குடும்பங்களில் உள்ளது. ஆண்டு முழுவதும் கவனிக்கப்படாத இந்த இடைவெளி, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கும்போது வருகைப்பதிவுக் குறைவாக வெளிப்படுகிறது. வருகை, விடுப்பு, நேரந்தவறாமை ஆகியவை குறித்த விதிகளையும் நடைமுறைகளையும் இங்கு காணலாம்.

சங்கொலி நின்ற பின்

1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு தங்கச் சுரங்கப் பணியைத் தொடங்கியது. அதன் பின்னர் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பெருமளவில் குடியேறின. சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஊரிகம், கோரமண்டல் ஆகிய பகுதிகளில் வேலைமுறை மாறும் நேரத்தை அறிவித்த சுரங்கச் சங்கொலியே வீடுகளுக்கும் கடிகாரமாக இருந்தது. தந்தை வேலைக்குச் செல்லும் இடமும் பிள்ளை படிக்கும் இடமும் நடந்து செல்லும் தூரத்தில் அமைந்திருந்தன.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டதும் இந்த நிலை மாறியது. சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பெங்களூருவுக்குத் தினமும் சென்று திரும்புவதே ஆயிரக்கணக்கானோரின் வாழ்வாதாரமானது. பள்ளி மணி அடிக்கும் முன்பே பெற்றோர் ஊரை விட்டுச் சென்றுவிடுவதால், பிள்ளையின் வருகையைக் கண்காணிக்கும் பொறுப்பு பாட்டி, தாத்தா, மூத்த பிள்ளைகள், அண்டை வீட்டார் ஆகியோரிடம் வந்து சேர்ந்துள்ளது.

75 சதவீத விதி

கர்நாடகப் பள்ளித் தேர்வு மற்றும் மதிப்பீட்டு வாரியம் நடத்தும் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வை முறையான பள்ளி மாணவராக எழுத, 75 சதவீத வருகை கட்டாயமாகும். கேந்திரிய வித்யாலயா உள்ளிட்ட மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளுக்கும் இதே அளவு பொருந்தும். அவ்வாரியத்தின் விதிகளின்படி, மருத்துவ அவசரம், தேசிய அல்லது சர்வதேச விளையாட்டுப் போட்டி, பிற கடுமையான காரணங்கள் ஆகியவற்றுக்கு உரிய ஆவணங்கள் இருந்தால் எஞ்சிய 25 சதவீதத்தில் சலுகை பெற வாய்ப்புண்டு. ஆவணம் இல்லாத விடுப்பு, காரணம் உண்மையானதாக இருந்தாலும், காரணமற்ற விடுப்பாகவே கருதப்படும்.

கணக்கு எப்படி?

ஒரு பள்ளியின் வேலை நாட்கள் 220 எனக் கொள்வோம். அதில் 75 சதவீதம் 165 நாட்கள். அதாவது, மாணவர் அதிகபட்சம் 55 நாட்கள் மட்டுமே வராமல் இருக்கலாம்.

வாரத்துக்கு ஒரு நாள் வீதம் விடுப்பு எடுக்கும் மாணவர், ஆண்டு முடிவில் ஏறத்தாழ 40 முதல் 44 நாட்களை இழந்திருப்பார். அதுவரை அவரது வருகை 80 சதவீதம் என்பதால் பாதுகாப்பான நிலை போலவே தோன்றும். அந்த 44 நாட்களுடன், காய்ச்சல் காரணமாக 15 நாட்கள் சேர்ந்தால் இழப்பு 59 நாட்களாகும். வருகை 73.2 சதவீதமாகக் குறைந்துவிடும். நோயால் ஏற்பட்ட இழப்பு 15 நாட்கள்தான். எஞ்சிய 44 நாட்கள், ஒவ்வொன்றாகக் கவனிக்கப்படாமல் கழிந்தவை.

தாமதத்துக்கும் இதே கணக்கு பொருந்தும். தினமும் 15 நிமிடம் தாமதமாக வருபவர், 220 நாட்களில் 55 மணி நேரப் பாடத்தை இழக்கிறார். இது ஏறத்தாழ 10 பள்ளி நாட்களுக்குச் சமம். பொதுவாகப் பள்ளிகளில் காலை, பிற்பகல் என இருவேளை வருகை பதிவு செய்யப்படுவதால், காலைப் பதிவு முடிந்த பின் வருபவருக்கு அரைநாள் வருகை இழப்பாகவும் வாய்ப்புண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பொருந்தும். 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்களும் 1,000 மணி நேரக் கற்பித்தலும் இருக்க வேண்டும் என அச்சட்டம் வரையறுக்கிறது. ஆசிரியர்கள் நேரந்தவறாமல் பள்ளிக்கு வருவதும், பெற்றோரைச் சந்தித்துப் பிள்ளையின் வருகை, கற்றல் முன்னேற்றம் குறித்துத் தெரிவிப்பதும் 24ஆவது பிரிவின்படி அவர்களின் கடமை. ஆகவே, வருகை விவரத்தைக் கேட்டறிவது பெற்றோரின் உரிமை.

முன்னறிவிப்பின்றி 45 நாட்கள் அல்லது அதற்கு மேல் பள்ளிக்கு வராத 6 முதல் 14 வயதுக் குழந்தை, தேசிய அளவிலான வரையறையின்படி பள்ளி செல்லாக் குழந்தையாகக் கருதப்படும். ஆனால் 9, 10ஆம் வகுப்பு மாணவர்களில் பலர் 14 வயதைக் கடந்தவர்கள். சட்டத்தின் பாதுகாப்பு முடியும் இடத்தில்தான் இடைநிற்றலின் ஆபத்து கூடுகிறது. இந்திய அளவில் இடைநிலை வகுப்புகளில் இடைநிற்றல் 2024-25ஆம் கல்வியாண்டில் 8.2 சதவீதமாகப் பதிவானது. நடுநிலை வகுப்புகளில் இது 3.5 சதவீதம் மட்டுமே.

விடுப்பைத் தெரிவிப்பது எப்படி?

* விடுப்பு எடுக்கும் நாளில், முதல் பாடவேளைக்கு முன் வகுப்பாசிரியருக்குத் தொலைபேசியில் தெரிவிக்கலாம். ரயில் பயணத்தில் இருக்கும் பெற்றோருக்கு இதுவே எளிய வழி.
* பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் நாளில், பெயர், வகுப்பு, விடுப்பு நாட்கள், காரணம், பெற்றோர் கையொப்பம் ஆகியவற்றுடன் விடுப்புக் கடிதம் அளிக்க வேண்டும்.
* நோய் சில நாட்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவச் சான்றிதழ் பெற்று, அதன் நகலை வீட்டில் வைத்திருப்பது நல்லது. சுமார் 3.3 கோடி டன் சுரங்கக் கழிவு குவிந்துள்ள தங்கவயலில், காற்று வீசும் மாதங்களில் சயனைடு மேடுகளின் தூசியால் மூச்சுத் தொல்லைக்கு ஆளாகும் பிள்ளைகளுக்கு இது மிகவும் அவசியம்.
* பகலில் வீட்டில் இருக்கும் தாத்தா, பாட்டி அல்லது உறவினரின் தொலைபேசி எண்ணையும் பள்ளியில் பதிவு செய்யலாம்.
* மாதத்துக்கு ஒருமுறை வருகை நாட்களின் எண்ணிக்கையைக் கேட்டறிய வேண்டும்.

துணை நிற்கும் திட்டங்கள்

அரசுப் பள்ளிகளில் 10ஆம் வகுப்பு வரை மதிய உணவும், 2013 முதல் பால் வழங்கும் 'க்ஷீர பாக்கிய' திட்டமும் செயல்படுகின்றன. 2023 ஜூன் 11 முதல் நடைமுறையில் உள்ள 'சக்தி' திட்டத்தின் கீழ் மாணவியர் அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணிக்கலாம். மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணப் பயண அட்டை உண்டு. 8ஆம் வகுப்பில் தேசிய வருவாய்வழி மற்றும் தகுதித் தேர்வில் தேர்வாகும் அரசு, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்களுக்கு 9 முதல் 12ஆம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும்.

யாரை அணுகலாம்?

வருகைக் குறைவு தெரியவந்தால் முதலில் வகுப்பாசிரியரையும் தலைமை ஆசிரியரையும் சந்திக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் பெற்றோர் இடம்பெறும் பள்ளி மேம்பாட்டு மற்றும் கண்காணிப்புக் குழுவிடமும், அதன் பின் வட்டாரக் கல்வி அலுவலரிடமும் முறையிடலாம். பிள்ளை வேலைக்கு அனுப்பப்பட்டாலோ, திருமண ஏற்பாட்டால் படிப்பு நிறுத்தப்பட்டாலோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம்.

தேர்வுக்கு முந்தைய மாதத்தில் இழந்த நாட்களை மீட்க இயலாது. மேற்கண்ட கணக்கில் 44ஆம் நாள் விடுப்பு எடுத்த மாணவருக்கு எஞ்சியிருப்பது 11 நாட்கள் மட்டுமே. அந்த எண்ணிக்கையைப் பெற்றோர் முதல் பருவத்திலேயே அறிந்திருந்தால், பிள்ளையின் தேர்வு வாய்ப்பைக் காக்க முடியும்.