நாலாவது போர்டும் ரிசர்வ் ஆட்டக்காரரும்



பள்ளிகளில் அணி தேர்வு நடக்கும்போதெல்லாம் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "என் பையன் ஏன் முதல் ஆள் இல்லை?" என்பதுதான் அது. இன்று படூர், கேளம்பாக்கம் பக்கம் தெருவுக்குத் தெரு பிள்ளைகள் ஏதாவது ஒரு பயிற்சிக்குப் போகிறார்கள், கேள்வி மட்டும் மாறவில்லை. அதற்குப் பதில் நம் ஊர்ப் பக்கத்திலேயே நடந்த ஒரு வரலாற்றில் இருக்கிறது.

முதலில் கூடைப்பந்து. களத்தில் ஐந்து பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் பெஞ்சில். பெஞ்சில் இருப்பவன் மட்டமானவன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1950களில் அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணிப் பயிற்சியாளர் ரெட் ஆவர்பாக் அதை மாற்றினார். முதல் ஐவரில் ஒருவராக ஆடத் தகுதியுள்ள ஃபிராங்க் ராம்சேயை வேண்டுமென்றே வெளியே உட்கார வைத்தார். எதிரணி களைத்த நேரத்தில் புது வேகத்தோடு இறக்கினார். "ஆறாவது ஆள்" என்பது ஒரு தனிப் பொறுப்பாகவே ஆகிவிட்டது. 1983 முதல் அதற்கு ஒரு விருதும் கொடுக்கிறார்கள்.

இதே கணக்கு சதுரங்கத்திலும் உண்டு. செஸ் ஒலிம்பியாட்டில் ஒரு அணிக்கு ஐந்து பேர். ஒரு சுற்றில் நால்வர்தான் ஆடுவார்கள், ஐந்தாமவர் ரிசர்வ். யார் முதல் போர்டு, யார் நாலாவது என்ற வரிசையைப் போட்டி தொடங்கும் முன்பே எழுதிக் கொடுத்துவிட வேண்டும், இடையில் மாற்ற முடியாது. ஒருவருக்கு ஓய்வு கொடுத்தால் அவருக்குக் கீழே இருப்பவர்கள் ஒரு படி மேலே வருவார்கள். நான்கு போர்டிலும் கிடைக்கும் புள்ளிக்கு ஒரே மதிப்பு. முதல் போர்டில் தோற்று நாலாவதில் வென்றால் கணக்கு நேர். ஆகவே கேப்டனின் பாதி வேலை இந்த வரிசையை எழுதும்போதே முடிந்துவிடுகிறது.

2014இல் நார்வேயின் துரோம்சோ நகரில் இந்தியா வெண்கலம் வென்றது. அந்த அணியில் ஆனந்த் இல்லை, ஹரிகிருஷ்ணாவும் இல்லை. பரிமார்ஜன் நெகி, சேதுராமன், சசிகிரண், அதிபன், லலித் பாபு என்ற ஐவர் ஆடினார்கள். மூன்றாவது போர்டில் ஆடிய சசிகிரண் தனிநபர் வெள்ளியும் வாங்கினார்.

அடுத்தது 2022. மாஸ்கோவில் நடக்க வேண்டிய 44வது ஒலிம்பியாட், உக்ரைன் போரால் இடம் மாறி நம்மிடம் வந்தது. படூர் வழியாகப் போகும் ஓ.எம்.ஆர். சாலை முடிகிற பூஞ்சேரியில்தான் அரங்கம். வேட்டி கட்டிய 'தம்பி' குதிரையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். போட்டியை நடத்தும் நாடு என்பதால் இந்தியாவுக்குக் கூடுதல் அணிகளை இறக்க வாய்ப்புக் கிடைத்தது. அப்படி வந்ததுதான் இரண்டாவது அணி. குகேஷ், நிகால் சரின், பிரக்ஞானந்தா, அதிபன், ரிசர்வ் ஆட்டக்காரராக ரௌனக் சாத்வானி. கேப்டன் நம் சென்னையின் ஆர்.பி. ரமேஷ். நான்கு பேர் 16, 18 வயதுப் பிள்ளைகள். முப்பதை நெருங்கிய ஒரே ஆள் அதிபன், 2014 வெண்கல அணியில் இருந்தவர்.

தரவரிசையில் முதலிடத்தில் வந்தது அமெரிக்கா. கருவானா, அரோனியன், வெஸ்லி சோ, டொமிங்கஸ், சாங்க்லேண்ட் என்று எல்லாமே பெரிய பெயர்கள். எட்டாவது சுற்றில் இந்த அணியை நம் பிள்ளைகள் 3–1 என்று வென்றார்கள். குகேஷ் கருவானாவை வீழ்த்தியதைத்தான் எல்லோரும் பேசினோம். அன்று டொமிங்கஸை வீழ்த்தியவர் யார்? ரிசர்வ் ஆட்டக்காரர் ரௌனக்!

முதல் எட்டு ஆட்டங்களையும் வென்ற குகேஷ், பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவிடம் தோற்றார். மூன்றாவது போர்டில் பிரக்ஞானந்தா சிந்தாரோவை வென்றதால்தான் அந்தச் சுற்று 2–2 என்று நின்றது. முடிவில் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், அர்மேனியாவுக்கு வெள்ளி, நம் இரண்டாவது அணிக்கு வெண்கலம். ரேட்டிங்கில் உயர்ந்த நம் முதல் அணி நான்காவது இடம், அமெரிக்கா ஐந்தாவது. அர்மேனியாவின் முன்னாள் நட்சத்திரம் அரோனியன் அப்போது அமெரிக்காவுக்கு ஆடிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நட்சத்திரத்தை இழந்த அணி, அந்த நட்சத்திரம் போய்ச் சேர்ந்த அணியை முந்தியது!

இரண்டு ஆண்டு கழித்து 2024, புடாபெஸ்ட். அப்போது இந்தியாவிலேயே அதிக ரேட்டிங் உள்ளவர் அர்ஜுன் எரிகைசி. ஆனால் கேப்டன் ஸ்ரீநாத் நாராயணன் அவரை எழுதியது மூன்றாவது போர்டில். குகேஷ் முதலில், பிரக்ஞானந்தா இரண்டில், விதித் நான்கில். ஒரு காலத்தில் ஆனந்துக்கு அடுத்த இடத்தில் இருந்த ஹரிகிருஷ்ணா ரிசர்வ், ஆடியது சில ஆட்டங்கள் மட்டுமே. அர்ஜுன் 11 ஆட்டங்களில் 10 புள்ளி எடுத்தார். அமெரிக்காவுக்கு எதிரான சுற்றில் பிரக்ஞானந்தா தோற்றபோது குகேஷும் அர்ஜுனும் வென்று 2.5–1.5 என்று காப்பாற்றினார்கள். 22க்கு 21 புள்ளியுடன் இந்தியாவுக்கு முதல் தங்கம். பெண்கள் அணிக்கும் தங்கம். அங்கேயும் மூன்றாவது போர்டில் திவ்யா தேஷ்முக், நான்காவதில் வந்திகா அகர்வால் இருவரும் தனிநபர் தங்கம் வாங்கினார்கள்.

எண்ணிப் பாருங்கள். நாட்டில் முதலிடத்தில் இருப்பவர் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தார், மூத்தவர் ஐந்தாவதில். அவர்கள் முகம் சுளித்திருந்தால் அந்தத் தங்கம் வந்திருக்குமா?

வள்ளுவர் ஆளைத் தேர்வதற்கு 'தெரிந்து தெளிதல்' என்று 51வது அதிகாரம் வைத்தார். அதோடு விடவில்லை. தேர்ந்த ஆளுக்கு ஏற்ற வேலையைக் கொடுத்து ஆள்வதற்கு 'தெரிந்து வினையாடல்' என்று அடுத்த அதிகாரமே வைத்தார். நாம் முதல் அதிகாரத்தோடு நின்றுவிடுகிறோம். மார்க்கு வரிசையில் மேலிருந்து ஐந்து பேரை எடுத்தால் அணி ஆகிவிடும் என்று நினைக்கிறோம்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை வீட்டுக்கு வந்து "என்னை ரிசர்வ்ல போட்டுட்டாங்க" என்றால் உடனே பயிற்சியாளருக்குப் போன் போடாதீர்கள். "உனக்கு என்ன வேலை கொடுத்திருக்காங்க?" என்று முதலில் கேளுங்கள். பயிற்சியாளர்களே, அந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் ஒரு பதில் இருக்கும்படி நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை இன்னதென்று சொல்லாமல் உட்கார வைத்தால் அது வெறும் பெஞ்சுதான்.

உங்கள் பள்ளி அணிகளில் இப்படி நாலாவது ஆளாகவும் ஐந்தாவது ஆளாகவும் நின்று ஜெயித்துக் கொடுத்தவர்கள் இருப்பார்கள். அவர்களைப் பற்றிக் கீழே எழுதுங்கள், படிக்க ஆவலாக இருக்கிறேன்.