அந்தமான் மானிடவியல் ஆராய்ச்சி மரபுகள்

அந்தமான் தீவுகளில் நிகழ்ந்த மானிடவியல் ஆராய்ச்சி, அதனை மேற்கொண்ட தேசத்தின் கல்விச் சம்பிரதாயத்துக்கேற்ப வெவ்வேறு வடிவம் பூண்டது. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பயின்ற ராட்கிளிஃப்-பிரௌன் 1906 முதல் 1908 வரை நிகழ்த்திய ஆய்வு 1922-இல் நூலாக வெளிவந்தபோது, சடங்குகளும் புராணக் கதைகளும் சமூகத்தின் ஒருமைப்பாட்டைக் காக்கும் விதத்தை விளக்கும் சித்தாந்தமாகவே உருவெடுத்தது. நோயால் அருகிவந்த அந்தமான் பழங்குடி மக்களின் எதிர்கால க்ஷேமம் அதன் பிரதான விஷயமாகவில்லை என்பது வருந்தத்தக்கது. சுதந்திர இந்தியாவிலோ, மானிடவியல் அளவைத் துறை 1951-இல் போர்ட் பிளேயரில் நிலையம் அமைத்த பின்னர், ஆராய்ச்சியாளர் அரசாங்க உத்தியோகஸ்தராய், நிர்வாகத்தாருடன் குழுவாகச் சென்று, தேங்காய் அளித்து நட்பை நாடும் முறை வேரூன்றியது. அத்துறையின் மானிடவியலாளர் டி. என். பண்டிட் 1967-இல் வடக்கு சென்டினல் தீவில் இறங்கியதும், 1991-இல் அத்தீவினர் அஞ்சாது அருகில் வந்து தேங்காய் பெற்றதும் இம்முறையைச் சார்ந்தவை. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதி, அனுமதியற்ற பிரவேசத்தைத் தடுத்து, அறிவுத் தாகத்தினும் பிராண ரக்ஷணையை நியாயமாகவே முன்வைத்தது. சென்டினல் பயணங்களும் பின்னர் கைவிடப்பட்டன.