எல்லைமலைகளின் ஒற்றைச்சட்டிச் சமையல்

கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்கள் தமிழ்நாட்டோடு ஒட்டிக் கிடக்கும் மலைப் பிரதேசங்களில், எலும்பையோ இறைச்சியையோ உலர்த்திய கறியையோ கிழங்கோடும் தானியத்தோடும் காய்களோடும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து வேகவைத்து, வேறு பதார்த்தம் எதனையும் நாடாமல் அதனையே ஒருவேளைப் பூரண ஆகாரமாகக் கொள்ளும் சமையல் முறை. ஐரோப்பியக் குடியானவர்கள் பன்றியிறைச்சியைக் கொத்தி உப்பும் வாசனைப் பொருள்களும் கூட்டிக் குடலுறையில் அடைத்துச் சாசேஜாக்கிப் புகையில் தொங்கவிட்டு, பனிக்காலத்தில் உருளைக்கிழங்கோடும் பயற்றோடும் அதனைக் கொதிக்கவைத்து எந்தத் தேவையை நிறைவேற்றிக்கொண்டார்களோ, அந்தத் தேவையையே இம்மலைகளில் உப்புக்கண்டமும் அடுப்புப் பரணில் காய்ந்த கறியும் மரவள்ளிக்கிழங்கும் நிறைவேற்றி வந்திருக்கின்றன. இறைச்சியைக் கெடாமல் காப்பதும், காத்ததைக் கொஞ்சமாக எடுத்து மாவுச்சத்து மிகுந்த ஒன்றில் பெருக்கிக்கொள்வதும் ஆகிய இரண்டு அறிவுகளும் இங்கே ஒரே சட்டியில் சந்திக்கின்றன.

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே எழும்பும் ஆனைமலைத் தொடர் நெல்லியாம்பதி, பறம்பிக்குளம், வால்பாறை ஆகிய இடங்களைத் தழுவிக்கொண்டு 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியில் உச்சியடைந்து, அதற்கப்பால் ஏலமலையாக நீண்டு குமுளி வரை செல்கிறது. கிழக்குச் சரிவிலுள்ள மறையூர் மழை மறைவுப் பிரதேசமாதலால் அங்கே கரும்பு விளைந்து வெல்லம் காய்ச்சப்படுகிறது. மேற்குச் சரிவுகளிலோ ஆனியும் ஆடியும் ஓயாத மழைக்காலம். பாதைகள் சரிந்து சந்தைக்குப் போக இயலாமற்போகும் அக்காலத்தில், வேனிலில் உலர்த்திப் பத்திரப்படுத்திய கிழங்கும் கறியுமே வீட்டைக் காப்பாற்றின. ஆகவே இச்சமையலின் சரித்திரத்தைத் தேடுபவர் சமையலறைக்கு முன்னால் மழையையும் குடியேற்றத்தையுமே பார்க்கவேண்டும்.

எல்லைப்புறத் தமிழர் கப்பக்கிழங்கு என்றழைக்கும் மரவள்ளி தென் அமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்தது. திருவிதாங்கூரில் அதனை ஜனங்களின் உணவாக ஊன்றச் செய்தவர், 1880 முதல் 1885 வரை அரசாண்ட விசாகம் திருநாள் மகாராஜா. எனினும் அது ஏழைகளின் வீட்டைத் தாண்டி எல்லோருடைய அடுப்பிலும் ஏறியது இரண்டாம் உலக யுத்தத்தின்போதுதான். பர்மா அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூர், 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் கடுமையான உணவுப் பஞ்சத்துக்கு ஆளாயிற்று. உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டு மலைக்காடுகளில் பயிரிட அரசாங்கம் அனுமதி அளிக்கவே, கோட்டயம், பாலா, மூவாற்றுபுழைப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக விவசாயிகள் மலையேறினர். 1954-55இல் பட்டம் தாணுபிள்ளை முதலமைச்சராயிருந்த காலத்தில் இக்குடியேற்றம் அரசின் திட்டமாகவே நடைபெற்றது. காட்டை வெட்டித் திருத்திய நிலத்தில் முதலில் நட்டது கப்பைக் கம்பு. நெல்லுக்கு வேண்டிய நீர்ப்பாய்ச்சலோ வரப்போ இல்லாத சரிவில், எட்டுப் பத்து மாதங்களில் தூருக்குச் சில கிலோக் கிழங்கை அது தந்துவிடும்.

இவர்களுக்கு முன்பே தமிழர் இங்கே இருந்தனர். மறையூர், காந்தளூர் முதலிய அஞ்சுநாட்டு ஊர்களிலும் வட்டவடையிலும் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடிகள் வாழ்ந்து வருகின்றனர். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி ஏற்பட்டதை அடுத்துத் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த தொழிலாளர் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் குடியமர்ந்தனர். லயத்து அடுப்பிலே கிழங்கோடு சேர்ந்தது பெரும்பாலும் கருவாட்டுக் குழம்பு. குடியேறிய விவசாயியின் அடுப்பிலே சேர்ந்தது மாட்டெலும்பு. இவ்விரண்டும் ஒரே மலையின் இரண்டு சரிவுகளாகவே நெடுங்காலம் இருந்தன.

இப்பிரதேசத்தின் ஒற்றைச்சட்டி உணவுகளில் தலைமை வகிப்பது, மலையாளத்தில் ‘எல்லும் கப்பயும்’ என்றும், வெளியூர்களில் ‘கப்ப பிரியாணி’ என்றும், இடுக்கியில் ‘ஏஷ்யாட்’ என்றும் வழங்கும் உணவு. இதற்கு மாட்டின் விலாவெலும்பே உகந்தது. சதை மிகுந்த துண்டுகளைப் போட்டால் ருசி குறையும் என்பதைச் சமைப்பவர் அனைவரும் அறிவர். ஒரு கிலோ எலும்புக் கறிக்கு ஒன்றரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை கிழங்கு என்பது வீட்டு அளவு. கறியில் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், மல்லித்தூள், இடித்த மிளகு, உப்பு ஆகியவற்றைப் பிசறி அரைமணி நேரம் ஊறவைத்து, தேங்காயெண்ணெயில் சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றைச் சிவக்க வதக்கியபின் அதிலே சேர்த்து, எலும்பு முழுகும் அளவு தண்ணீர் விட்டு மூடி வேகவிடுகிறார்கள். எலும்பையும் சதையையும் இணைக்கும் கொலாஜன் என்னும் புரதம் நீண்ட நேரக் கொதிப்பில் கரைந்து குழம்பை ஒட்டும் பதமாக்குகிறது. மஜ்ஜை உருகி மேலே மஞ்சள் நிறக் கொழுப்பாக மிதக்கிறது. அழுத்தக் குக்கர் இவ்வேலையை விரைவில் முடித்துவிடுமாயினும், விறகடுப்பில் இரண்டு மணி நேரம் மெல்லக் கொதித்த எலும்பிலிருந்து வரும் கொழகொழப்பும் மணமும் குக்கரில் வருவதில்லை என்பது அனுபவசாலிகளின் ஏகோபித்த கருத்து. அது நியாயமான கருத்தே.

கிழங்கைத் தனியே வேகவைப்பதில் எவரும் அலட்சியம் காட்டலாகாது. மரவள்ளியில் லினமாரின் என்னும் பொருள் இயற்கையாகவே உண்டு. கிழங்கை வெட்டும்போது அது சிதைந்து நச்சுத்தன்மையுள்ள ஹைட்ரோசயனிக் அமிலத்தை வெளியிடுகிறது. தோலையும் அதன் அடியிலுள்ள தடித்த பட்டையையும் முழுதும் நீக்கி, சிறு துண்டுகளாக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்த நீரை மிச்சமின்றி வடித்துவிட்டால் கேடில்லை. எலும்புச் சாற்றிலேயே பச்சைக் கிழங்கைப் போட்டு வேகவைத்தால் அந்நீர் வடிக்கப்படாமலே வயிற்றுக்குள் போகும். கசக்கும் கிழங்கைச் சந்தேகமில்லாமல் ஒதுக்கவேண்டும். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963இல் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் மரவள்ளி இரகங்களைப் பேணிப் பரப்பி வருகிறது. சமையலுக்குப் பெயர்பெற்றது மாப்பதம் மிக்க எம்-4.

வடித்த கிழங்கின்மேல், தேங்காய்த்துருவல், மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், காந்தாரி மிளகாய் ஆகியவற்றைக் கொரகொரப்பாக அரைத்துச் சேர்த்து ஆவி கட்டி, பின்னர் வெந்த எலும்பையும் குழம்பையும் அதன்மேல் கொட்டி, தடித்த மரக்கரண்டியால் அடியிலிருந்து புரட்டிப் புரட்டி, கிழங்கு பாதி மசிந்தும் பாதி துண்டாகவும் நிற்கும்படி கிளறுவது இதன் உச்சகட்டம். கரண்டி கனக்கும், வீட்டில் வலுவுள்ளவர் எவரோ அவர் கையில்தான் அது போகும். முற்றிலும் மசித்துவிட்டால் களியாகிவிடும். மசிக்காவிட்டால் எலும்புச் சாறு கிழங்கில் ஏறாது. இறக்கும் தறுவாயில் கடுகும் தேங்காய்ச் சில்லுகளும் தாளித்துக் கொட்டி, பச்சைக் கறிவேப்பிலை தூவி, கட்டன் சாயாவோடு பரிமாறுகிறார்கள். கல்யாணத்துக்கு முந்தைய இரவில் ஊரார் கூடும்போதும், கோயில் பெருநாளன்றும், பல குடும்பங்கள் சேர்ந்து கப்பை வாட்டும் நாளிலும் பெரிய வார்ப்பில் இது கிண்டப்படும். அடிமாலி, கட்டப்பனை, தொடுபுழை ஊர்களின் சிற்றுண்டிக் கடைகளில் இப்போது இது நாள்தோறும் கிடைக்கிறது.

கப்பை வாட்டுதல் என்பது இங்கே ஒரு கூட்டுத் தொழில். வேனில் தொடங்கியதும் கிழங்கைப் பிடுங்கித் தோலுரித்துச் சீவி, பெரிய அண்டாக்களில் அரைவேக்காடாக வேகவைத்து, நீரை வடித்து, பாறைகளின்மேல் பரப்பிக் காயவைப்பார்கள். நன்கு காய்ந்த வாட்டுக்கப்பை மழைக்காலம் முழுவதும் கெடாமலிருக்கும்; முதல்நாள் இரவே ஊறவைத்து மறுநாள் வேகவைத்தால் பச்சைக் கிழங்கைவிடச் சற்று அழுத்தமான பதம் வாய்க்கும். இந்த வாட்டுக்கப்பைக்கு ஈடான இறைச்சிதான் உலர்கறி.

மதுரை, தேனிப் பக்கத்துத் தமிழர் ஆட்டுக்கறியை நீளவாக்கில் கீறி, உப்பு, மஞ்சள், அரைத்த மிளகாய், பூண்டு ஆகியவற்றைத் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் பல நாள் காயவைத்து உப்புக்கண்டமாக்குவர். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் மலையேறிய குடும்பங்கள் இதனையும் உடன் கொண்டுவந்தன. மழை மிகுந்த மேற்குச் சரிவில் வெயிலை நம்ப முடியாததால், குடியேறிகள் மாட்டுக்கறியை மஞ்சளும் உப்பும் மிளகும் புரட்டி அடுப்புக்கு மேலேயுள்ள பரணில் தொங்கவிட்டனர். இரவும் பகலும் ஏறும் விறகுப்புகையும் மெல்லிய சூடும் அதனைக் கறுக்க உலர்த்தின. இவ்வாறு உலர்ந்ததைச் சுட்டு, உரலில் இட்டு நார் நாராக இடித்து, சின்ன வெங்காயமும் மிளகாயும் தேங்காயெண்ணெயும் சேர்த்து வறுப்பது இடியிறைச்சி. உப்பு ஈரத்தை இழுக்கிறது. புகை மேற்பரப்பில் பூஞ்சை படராமல் தடுக்கிறது. மீதியைக் காற்று செய்துவிடுகிறது. சாசேஜ் செய்வோனும் இதே மூன்று துணைகளைத்தான் நம்புகிறான். அவனிடம் கூடுதலாக இருப்பது குடலுறை ஒன்றே. ஊறவைத்த வாட்டுக்கப்பையோடு ஒரு கைப்பிடி உலர்கறியைச் சேர்த்து வேகவைத்த சட்டியில், உப்பும் புகைமணமும் கறியிலிருந்து கிழங்குக்கு இறங்கும் விந்தையைச் சுவைத்தவர்கள், அளவில் சிறிய இறைச்சி ஒரு குடும்பத்தின் பசியை எவ்வாறு தீர்த்தது என்பதை உணர்வார்கள்.

பாலக்காட்டுப் பக்கம் நிலைமை வேறு. கணவாயின் சமவெளி நெல்வயல். அங்கே கிழங்கைவிட அரிசியே ஒற்றைச்சட்டிக்கு ஆதாரம். தமிழ் பேசும் இராவுத்தர் குடும்பங்களின் பிரியாணி இவ்வகையில் பெயர்பெற்றது. பாலக்காட்டு ஐயர் வீடுகளின் திருவாதிரைப் புழுக்கோ, கிழங்குகளையும் பயறுகளையும் ஒன்றாகப் புழுக்கிய சைவ உணவு. அட்டப்பாடியில் இருளரும் முதுகரும் குறும்பரும் கேழ்வரகையும் சாமையையும் சார்ந்து வாழ்ந்தனர்.

சூப்பு வகைகளில் இப்பிரதேசம் தன் மிளகைக்கொண்டு தனித்து நிற்கிறது. ஆட்டுக்காலைச் சுட்டு உரோமம் போக்கிச் சுத்தம் செய்து, நசுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், இடித்த மிளகு ஆகியவற்றோடு மூன்று நான்கு மணி நேரம் கொதிக்கவைத்த சாறு, மலைக்காய்ச்சலும் உடல்வலியும் கண்டவர்க்கு முதல் ஆகாரம். தமிழ்நாட்டு மிளகுத்தண்ணீரை ஆங்கிலேயர் கறியும் பருப்பும் சேர்த்துக் கனத்த சூப்பாக்கித் தங்கள் தேசத்துக்கே கொண்டுசென்றனர். அவர்களுடைய ஸ்டூ இங்கே தேங்காய்ப்பாலில் மூழ்கி இஷ்டுவாகி ஆப்பத்துக்குத் துணையாயிற்று.

முறையான சாசேஜ் இம்மலைகளுக்குப் புதியது. தொடுபுழையை அடுத்த கூத்தாட்டுகுளத்தில் 1973இல் கேரள அரசு நிறுவிய மீட் ப்ராடக்ட்ஸ் ஆப் இந்தியா, பன்றி, மாடு, கோழி இறைச்சிகளில் சாசேஜ் முதலியவற்றைச் செய்து விற்கத் தொடங்கியபின்பே அது நடுத்தர வீடுகளின் குளிர்ப்பெட்டிக்குள் நுழைந்தது. இந்தியாவில் வீட்டுத் தொழிலாகவே நிலைத்த சாசேஜ் கோவாவின் சோரிசோ. பன்றிக்கறியைப் புளித்த காடி, காய்ந்த மிளகாய், பூண்டு ஆகியவற்றில் ஊறவைத்துக் குடலில் அடைத்து மாலைபோல் கட்டிக் காயவைத்த அதனை, அங்கே அரிசியோடு ஒரே பாத்திரத்தில் புலாவாகச் சமைக்கின்றனர்.

மலைநாட்டுச் சட்டியில் சாசேஜை இடுவதற்கு மேலே விவரித்த உலர்கறியின் முறையே வழிகாட்டும். நால்வருக்கு ஒரு கிலோ கிழங்கும் 250 கிராம் சாசேஜும் போதும். விரற்கடை நீளத் துண்டுகளாக்கிய சாசேஜை எண்ணெயின்றிச் சட்டியில் இட்டு மெல்லிய தீயில் புரட்டினால் அதன் கொழுப்பே வெளிவந்து துண்டுகள் சிவக்கும். அவற்றை எடுத்துவைத்துவிட்டு, அக்கொழுப்பிலேயே சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கி, தனியே வேகவைத்து வடித்த கிழங்கையும் அரைத்த தேங்காயையும் சேர்த்துக் கிளறி, இறுதியில் சாசேஜையும் இடித்த மிளகையும் சேர்க்கவேண்டும். சூப்பாக விரும்புவோர் கிழங்கை விட்டு, வட்டவடையில் விளையும் உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், காந்தளூர்ப் பூண்டு ஆகியவற்றை ஒன்றேகால் லிட்டர் தண்ணீரில் வேகவைத்து, காய் பாதி வெந்தபின் வறுத்த துண்டுகளைப் போட்டுக் கால்மணி நேரம் கொதிக்கவிடலாம்; முதலிலேயே போட்டால் அதன் சாரமெல்லாம் இறங்கிச் சக்கையாகிவிடும். பதப்படுத்தாத பச்சைச் சாசேஜாயின் துண்டின் நடுவில் சிவப்பு மாறும்வரை வேகவைத்தே ஆகவேண்டும். உப்பைக் கடைசியில், சாற்றை ருசி பார்த்தபின் இடுவதே சரி. சாசேஜும் உப்புக்கண்டமும் தமக்குள்ளிருக்கும் உப்பைக் கொதித்த பிறகே வெளிவிடுகின்றன.